கருங்காலிப் பேனா ஏன் பிளந்தது?

நாகர்கோவிலில் நவம்பர் மழையோடு மழையாகக் கடைந்த ஒரு கருங்காலிப் பேனா, பெங்களூரு போய்ச் சேர்ந்து பிப்ரவரி முடிவதற்குள் நீளவாக்கில் பிளந்துவிட்டது. கீழே விழவில்லை, யாரும் மிதிக்கவில்லை, வெயிலில் நிற்கும் காரிலும் கிடக்கவில்லை. சட்டைப்பை, ஆபீஸ் மேஜை, மறுபடி சட்டைப்பை, அவ்வளவுதான் அதன் பயணம். கடைந்தவர் என் நண்பர். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு சின்ன லேத்தை வாங்கி கார் ஷெட்டில் போட்டுக்கொண்டு பொழுதுபோக்காகப் பேனா கடைகிறவர், என்னைவிட மூத்தவர், நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். மகளுக்குத் தலைப்பொங்கல் சீர் கொண்டு போனபோது மருமகனுக்கென்று தனியாக இந்தப் பேனாவை ஒரு மரப்பெட்டியில் வைத்துக் கொடுத்திருக்கிறார். அதுதான் பிளந்தது என்பதால் அவருக்கு வருத்தம் கொஞ்சம் கூடுதல்.

இதில் ஆராய ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்ற வைத்தது ஒரே ஒரு விஷயம். அதே மாதத்தில் அதே லேத்தில் அதே வகைக் கிட்டை (பேனாவின் உலோகப் பாகங்கள் அடங்கிய தொகுப்பு) வைத்து அவர் ஒரு தேக்குப் பேனாவும் ஒரு புளியமரப் பேனாவும் கடைந்திருந்தார். மூன்றும் ஒரே வீட்டுக்குத்தான் போயின. தேக்குக்கும் புளிக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கேட்டவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறார்கள். ஃபெவிக்விக் போட்டு மெருகேற்றினால் இப்படித்தான் என்றார் ஒருவர். மரம் போலி, சாயம் ஏற்றிய கட்டை என்றார் இன்னொருவர். ரொம்ப மெல்லிசாகக் கடைந்துவிட்டீர்கள் என்றார் மூன்றாமவர். அண்ணாச்சி ஃபெவிக்விக் கட்சி. “இனிமே அந்தப் பசையைக் கையால தொடமாட்டேன்” என்று போனில் சொன்னவரிடம், முடிவு கட்டுவதற்கு முன்னால் பேனாவையும் மிச்சக் கட்டையையும் எனக்கு அனுப்புங்கள் என்றேன். கட்டையை மட்டும் காற்றுப் புகாத ஜிப் கவரில் போட்டு அனுப்பச் சொன்னேன். அந்தக் கவர்தான் பிற்பாடு பெரிய உதவியாக இருந்தது.

இந்த வேலை தெரியாதவர்களுக்காக, இந்த வகைப் பேனாவின் உடம்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்லிம்லைன் என்று விற்கிற கிட்டில் இரண்டு பித்தளைக் குழாய், முனை, கிளிப், நடுவளையம், முறுக்கினால் ரீஃபிலை வெளியே தள்ளும் பொறி, ஒரு ரீஃபில் எல்லாம் இருக்கும். முக்கால் அங்குலச் சதுரக் கட்டையில் 7 மில்லிமீட்டர் துளை போட்டு, பித்தளைக் குழாயை உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, பசை தடவி உள்ளே செருக வேண்டும். பசை காய்ந்ததும் கட்டையின் முனைகளைக் குழாய்க்குச் செங்குத்தாகச் சீவி, மேண்ட்ரல் என்கிற தாங்கு கம்பியில் கோத்து லேத்தில் மாட்டிக் கடைய வேண்டும். இரு முனைகளிலும் இருக்கும் புஷ் என்கிற அளவு வளையத்தின் விட்டத்துக்கு மரம் இறங்கியதும் நிறுத்திவிட்டு உப்புத்தாள், மெருகு, அப்புறம் பாகங்களை அழுத்திப் பொருத்துவது. புஷ்ஷின் விட்டம் சுமார் 8.4 மில்லிமீட்டர், குழாய் 7 மில்லிமீட்டர். அப்படியானால் முனையில் மரத்தின் கனம் பக்கத்துக்கு 0.7 மில்லிமீட்டர்தான். நாம் மரப்பேனா என்று பெருமையாகச் சொல்வது உண்மையில் மரத்தோல் போர்த்திய பித்தளைப் பேனா. இந்த ஒன்றை மனசில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் எளிதில் புரியும்.

பேனா வந்ததும் முதலில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கீழ்ப்பாதியில், முனைப்பக்கம் தொடங்கி நடுவளையம் வரை ஒரே விரிசல், நாரோட்டத்தை ஒட்டி, கிட்டத்தட்ட நேர்கோடாக ஓடியிருந்தது. இடுக்கில் பித்தளை பளிச்சென்று தெரிந்தது. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் 0.2 மில்லிமீட்டர் தகடு நுழைந்தது, 0.25 நுழையவில்லை. இன்னொன்று, அண்ணாச்சி கவனிக்காதது: மேல்பாதியிலும் கிளிப்புக்கு அடியில் மயிரிழை விரிசல் ஒன்று ஆரம்பித்திருந்தது. இரண்டு பாதியும் பிளக்கப் பார்த்திருக்கிறது என்றால், எங்கோ ஓர் இடத்தில் கைதவறி நடந்த சேதமாக அது இருக்க வாய்ப்பு குறைவு.

விரிசலைப் பார்த்தே பாதி சந்தேகங்களைக் கழித்துவிடலாம். பாகங்களை அழுத்திப் பொருத்தும்போது விழும் விரிசலுக்கு ஒரு குணம் உண்டு. அழுத்துகிற அந்த நொடியிலேயே டிக் என்று சத்தம் வரும், முனையில் அகலமாகத் திறந்து சில மில்லிமீட்டரில் ஊசியாகக் குறுகி நின்றுவிடும். பெரும்பாலும் குழாய்க்குள் வழிந்து காய்ந்த பசையைச் சுரண்டாமல் விட்டிருப்பார்கள், அல்லது முனை செங்குத்தாகச் சீவப்பட்டிருக்காது. இங்கே அகலம் முனையிலிருந்து நடு வரை ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது, பிளந்ததோ பொருத்தி மாதக்கணக்கான பிறகு. சூட்டு விரிசல் வேறு மாதிரி: உப்புத்தாளை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் மரம் சுட்டு, மேற்பரப்பில் மயிரிழைகளாகப் பல விழும். கருங்காலிக்கு இந்த வியாதி அதிகம், கடைசல் தெரிந்தவர்கள் அதை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே தேய்ப்பது அதனால்தான். ஆனால் இங்கே ஒற்றை விரிசல், அதுவும் முழுக் கனத்துக்கும்.

போலி மரம் என்ற குற்றச்சாட்டையும் பார்த்துவிட்டேன். கழுத்தில் கருங்காலி மாலை போடுவது இந்தச் சில வருடங்களாகப் பெரிய மோகம் ஆனதிலிருந்து, கறுப்புச் சாயம் ஏற்றிய ஏதோ ஒரு கட்டையைக் கருங்காலி என்று தலையில் கட்டுவதும் சகஜமாகிவிட்டது. மிச்சக் கட்டையிலிருந்து வெட்டிய சில்லைத் தண்ணீரில் போட்டேன், நேராக அடியில் போய் உட்கார்ந்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன், சாயம் ஒட்டவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பிளந்த முகத்தில் வெளியிலிருந்து உள்ளே வரை ஒரே கறுப்பு. நடுவே சாம்பல் கோடு லேசாக ஓடியது, அது இந்த மரத்துக்கு இயல்புதான். வைரம் பாய்ந்த நல்ல கட்டை. விற்றவர் ஏமாற்றவில்லை.

சரி, அப்படியானால் பசை? இதற்குப் பேனாவைக் கொஞ்சம் கொல்ல வேண்டியிருந்தது. பாகங்களைக் கழற்றிவிட்டு, விரிசலில் கத்தி முனையை வைத்துத் தட்டி மரத்தோலைக் குழாயிலிருந்து உரித்தேன். துளையின் உட்சுவரில் கருகல் வாசனையோ மினுமினுப்போ இல்லை, துளை போடும்போது சூடேறவில்லை என்று அர்த்தம். பசை முழுக்கப் பரவியிருந்தது, ஓரிடத்தில்கூட வெற்றுப் பித்தளை இல்லை. அண்ணாச்சி சுத்தமான வேலைக்காரர். வெளிமெருகாக ஃபெவிக்விக் மாதிரியான பசையைப் பல பூச்சு கொடுத்து மைக்ரோமெஷ் என்கிற மிக நைசான தேய்ப்புத்தாளில் 12000 வரை தேய்த்திருந்தார். அந்தப் பூச்சு விரிசலின் இரு கரையிலும் மரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. மரம் பிளந்ததால் பூச்சு பிளந்திருக்கிறது. பூச்சு பிளந்து மரத்தைப் பிளக்க வைக்கவில்லை, வைக்கவும் முடியாது, ஏனென்றால் அது ஒரு தாள் கனம்கூட இல்லை.

ஆனால் பூச்சின் பக்கம் ஒரு குறை உண்டு. மேலே கண்ணாடி மாதிரி மூடியிருந்தாலும், இரண்டு முனைகளிலும் மரத்தின் குறுக்குவெட்டு திறந்தே கிடந்தது. மரம் ஈரத்தை வாங்குவதும் விடுவதும் அந்த முகத்தில்தான் மிக வேகம். அங்கே நீர்த்த பசையை ஒரு சொட்டு விட்டு அடைத்திருந்தால் விரிசல் தள்ளிப்போயிருக்கும். தவிர்த்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை. எந்தப் பூச்சும் ஈரத்தைத் தாமதப்படுத்தும், தடுக்காது.

ஈரக் கணக்கு

இப்போது அந்த ஜிப் கவருக்கு வருவோம். இரண்டு அங்குலச் சதுரமான மிச்சக் கட்டையின் நடுப்பகுதியிலிருந்து மெல்லிய சில்லு ஒன்றை அறுத்து, நகைக்கடைத் தராசு மாதிரி 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசில் வைத்தேன்: 9.20 கிராம். வீட்டு ஓடிஜி அடுப்பில் 103 டிகிரியை ஒட்டி வைத்து, எடை குறைவது நிற்கும்வரை அவ்வப்போது எடுத்து நிறுத்தேன். கடைசியில் 8.05 கிராமில் நின்றது. போன தண்ணீர் 1.15 கிராம். அதை உலர்ந்த எடையால் வகுத்தால் 14.3 சதவீதம். கட்டையின் வெளிமுனையிலிருந்து எடுத்த சில்லில் இதைவிடக் கம்மி. வெளியே உலர்ந்து, உள்ளே ஈரமாக இருக்கும் கட்டை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. ஊசி குத்தி ஈரம் பார்க்கும் மீட்டரை இந்த மரத்தில் நான் நம்புவதில்லை, ஊசியே சரியாக இறங்காது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இது மார்ச்சில் எடுத்த கணக்கு. பேனா கடைந்தது வடகிழக்குப் பருவமழை நடுவில். காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் இருந்தால், அதில் கிடக்கும் மரம் ஏறத்தாழ 16 சதவீத ஈரத்தில் வந்து நிலைகொள்ளும். ஆக, கடையும்போது 14-க்குக் குறைந்திருக்காது. மறுபக்கம் பெங்களூரு. மாசி மாத வறட்சி, போதாததற்கு நாள் முழுக்க ஏசி. மருமகனின் மேஜைமேல் ஈரப்பதம் காட்டும் கடிகாரம் ஒன்று இருந்தது, அதில் 40-ஐ ஒட்டியே ஓடுகிறது என்று படம் எடுத்து அனுப்பினார். 40 சதவீதக் காற்றில் மரம் 8 சதவீதத்துக்குப் பக்கத்தில்தான் நிலைகொள்ளும். அதாவது குறைந்தபட்சம் 6 புள்ளி ஈரம் அந்த மரத்தோலிலிருந்து வெளியேறியிருக்கிறது.

ஈரம் போனால் மரம் சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி சுருங்காது. நீளவாக்கில் கிட்டத்தட்ட சுருங்காது. மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் ஓரளவு, மரத்தின் வளர்ச்சி வளையங்களை ஒட்டிய திசையில் அதைவிட அதிகம், பல மரங்களில் சுமார் இரண்டு மடங்கு. சுருக்கம் தொடங்குவது ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகு. கருங்காலிக்குப் பச்சை மரத்திலிருந்து முழுசாக உலர்வது வரை வளைய ஓரமாக 8, ஆர ஓரமாக 5 சதவீதம் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். பேனாவைச் சுற்றி வரும்போது இரண்டு திசையும் மாறி மாறி வரும் என்பதால் சராசரி 6.5. முப்பதில் ஆறு புள்ளி போனால் அதில் ஐந்தில் ஒரு பங்கு, 1.3 சதவீதம். முனையில் பேனாவின் சுற்றளவு சுமார் 26 மில்லிமீட்டர். ஆக மரம் தன் சுற்றளவில் மூன்றில் ஒரு மில்லிமீட்டர் சுருங்கியாக வேண்டும்.

சுருங்க இடம் எங்கே? உள்ளே பித்தளை. அதற்கு ஈரமும் தெரியாது, வறட்சியும் தெரியாது. வண்டிச் சக்கரத்துக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டையை மாட்டித் தண்ணீர் ஊற்றினால் அது சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடிக்கும் அல்லவா, இங்கே அதுவே தலைகீழ்: மரம் இரும்பின் இடத்தில் நின்று இறுக்கப் பார்க்கிறது, உள்ளே இருப்பது அசையவில்லை. நாரோட்டத்துக்குக் குறுக்கே இழுத்தால் மரம் ஒரு சதவீதத்தை ஒட்டியே கிழிய ஆரம்பிக்கும். கொஞ்சம் நெகிழ்ந்து பார்த்திருக்கிறது, அப்புறம் பலவீனமான ஒரு கோட்டில் விட்டுக்கொடுத்துவிட்டது. நான் அளந்த 0.2 மில்லிமீட்டர் இடைவெளி இந்தக் கணக்கோடு நன்றாகவே ஒத்துப்போகிறது.

பித்தளை சூட்டில் விரிந்து மரத்தைப் பிளக்கும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பித்தளை ஒரு டிகிரிக்கு விரிவது பத்து லட்சத்தில் 19 பங்கு. இருபது டிகிரி ஏறினாலும் 0.04 சதவீதம்கூட வராது. ஈரத்தால் வரும் 1.3-க்கு முன்னால் அது கணக்கிலேயே சேராது.

இன்னொரு நம்பிக்கையையும் இங்கேயே உடைத்துவிடலாம். மெல்லிசாகக் கடைந்ததால் பிளந்தது, தடிமனாக விட்டிருந்தால் தாங்கியிருக்கும் என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே அசையாத குழாய் இருக்கும்வரை, மரம் ஒரு மில்லிமீட்டர் கனமானாலும் மூன்று மில்லிமீட்டர் கனமானாலும் சுருங்க வேண்டிய விகிதம் அதேதான், அதனால் இழுவையும் அதேதான். தடிமனான மரத்தில் ஈரம் மெதுவாக வெளியேறும், மரம் நெகிழ்ந்து கொடுக்க நேரம் கிடைக்கும், அந்த அளவுக்கு லாபம். அதற்குமேல் அதில் எதிர்பார்க்காதீர்கள்.

அண்ணாச்சி கேட்ட ஒரு கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. “அந்தப் பட்டறையில இதே கட்டையிலதான் மாலை மணி கடையிறாங்க, ஆயிரக்கணக்குல போகுது, அதெல்லாம் பிளக்கலையே?” கட்டை வந்ததே மாலை மணி கடையும் ஒரு கடைசல் பட்டறையின் மிச்சத்திலிருந்துதான். மணிக்கு நடுவில் இருப்பது வெறும் துளை, அதில் ஒரு நூல். மரம் சுருங்கினால் துளையும் சேர்ந்து சுருங்கிக்கொள்ளும், யாரும் தடுக்கப்போவதில்லை. பட்டறைக்காரர் மரம் முழுசாக உலரக் காத்திருக்க வேண்டிய அவசியமே கிடையாது. அவர் விற்றதில் தப்பும் கிடையாது. அதே மரத்துக்குள் அசையாத ஒரு குழாயைச் செருகினால் கதை வேறு.

தேக்கு ஏன் பிழைத்தது? அது மரத்தின் குணம் பாதி, வரலாறு பாதி. தேக்கு பொதுவாகவே சுருக்கம் குறைந்த மரம், பச்சையிலிருந்து முழு உலர்வு வரை வளைய ஓரமாக 6 சதவீதத்துக்குள், ஆர ஓரமாக 2.5. கப்பலுக்கும் கதவுக்கும் அதைத் தேடித் தேடி வாங்கியதற்கு ஒரு காரணம் இது. தவிர அண்ணாச்சி எடுத்தது பழைய வீட்டை இடித்தபோது கிடைத்த நிலைக்கட்டை. பல பருவங்களைப் பார்த்து அடங்கிய மரம். புளியும் அப்படித்தான், அடுக்களையில் வருடக்கணக்காகக் கிடந்த பழைய வெட்டுக்கட்டையின் வைரப் பகுதி. புதுக்கட்டை என்று இருந்தது கருங்காலி ஒன்றுதான். அதுவும் நெருக்கமான மரம், ஈரம் வெளியேறுவது நத்தை வேகம்.

இந்தப் பிரச்சினையே இல்லாமல் பேனா கடைகிறவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ராஜமுந்திரியில் 1930களில் தொடங்கிய ரத்னம் பேனா, திருவள்ளூரில் ரங்கா பேனா என்று கையால் கடைந்த இங்க் பேனாவுக்குப் பேர்போன இடங்களில் முக்கியமான பொருள் எபோனைட். கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். பார்க்கக் கருங்காலி மாதிரி கறுப்பாக மின்னும், மழைக்கும் வெயிலுக்கும் மரம்போல உப்பிச் சுருங்காது, இங்க் பட்டாலும் கெடாது. மரையையே நேராக அதில் வெட்டிக்கொள்ளலாம், பித்தளைக் குழாய் தேவையில்லை. தொழிலாகச் செய்கிறவர்கள் அதைத் தேர்ந்தெடுத்ததில் அர்த்தம் இருக்கிறது. மரம் என்பது பொழுதுபோக்குக்காரர்கள் தெரிந்தே வாங்கிக்கொள்ளும் தலைவலி.

சோதித்துப் பார்த்தது

காகிதக் கணக்கு சரியாக வந்துவிட்டது என்பதற்காக முடித்துக்கொள்ள மனசில்லை. அதே மிச்சக் கட்டையிலிருந்து பக்கத்துப் பக்கத்தில் துண்டுகள் அறுத்தேன். ஒரு ஜோடியை அண்ணாச்சி செய்த மாதிரியே செய்தேன்: 7 மில்லிமீட்டர் துளை, அன்றே பசை, அன்றே கடைசல், அதே மெருகு. இன்னொரு ஜோடிக்கு முதலில் 6.5 மில்லிமீட்டர் துளை மட்டும் போட்டு, எடையைக் கட்டையிலேயே வெள்ளைப் பென்சிலால் எழுதி (சாதாரணப் பென்சில் இந்தக் கறுப்பில் தெரியாது), படுக்கையறை அலமாரியில் ஏசி படுகிற இடத்தில் விட்டுவிட்டேன். துளை போட்டுவிட்டு உலரவிடுவதில்தான் சூட்சுமமே இருக்கிறது. ஈரம் வெளியேற உள்பக்கமும் ஒரு வழி கிடைக்கிறது, உள்ளே தடுக்கக் குழாய் இல்லை, மணி மாதிரி தன்னிஷ்டத்துக்குச் சுருங்கிக்கொள்ளலாம். அவசரப்பட்டு வெயிலிலோ பல்பு எரியும் பெட்டியிலோ வைத்தால் வெளிப்பக்கம் முதலில் காய்ந்து கட்டையிலேயே விரிசல் விழும், கருங்காலியில் நிச்சயம் விழும்.

எடை இறங்குவது நின்ற பிறகு துளையைப் பார்த்தால் லேசாக முட்டை வடிவமாகியிருந்தது. வளைய ஓரமும் ஆர ஓரமும் வெவ்வேறு அளவில் சுருங்கியதற்கு இதைவிடக் கண்ணெதிரான சாட்சி வேண்டாம். 6.5-இல் துளைத்து வைத்ததும் இதற்காகத்தான். இப்போது 7.2 மில்லிமீட்டர் பிட்டால் மறுபடி துளைத்து வட்டமாக்கினேன். அந்தக் கூடுதல் 0.2, குழாய்க்கும் மரத்துக்கும் நடுவே பசை கொஞ்சம் கனமாக நிற்பதற்கு. ஃபெவிக்விக் வகைப் பசை கண்ணாடி மாதிரி விறைத்துப்போகும், அதனால் இந்த இடத்துக்கு இரண்டைக் கலந்து போடும், மெதுவாக இறுகும் சாதாரண அரால்டைட் பசையையே போட்டு ஒரு ராத்திரி முழுக்க விட்டேன். அது இறுகினாலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். பிறகு தேவையான விட்டத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே கடைசலை நிறுத்தி, மறுபடி அலமாரியில் போட்டு, எடை மாறவில்லை என்று பார்த்துக்கொண்டு முடித்தேன். முனைகளில் நீர்த்த பசையைத் தொட்டு அடைத்தேன்.

மெருகு கொடுக்கும்போது ஒரு எச்சரிக்கை: ஃபெவிக்விக் வகைப் பசையைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ தடவாதீர்கள். பருத்தியோடு அது வேகமாக வேலை செய்து கையைச் சுடும் அளவுக்குச் சூடாகும், புகையும். டிஷ்யூ பேப்பர் போதும். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்து. கருங்காலித் தூளும் சிலருக்கு மூக்கையும் தோலையும் அரிக்கும், மாஸ்க் இல்லாமல் உட்கார வேண்டாம்.

நான் இருப்பது கோயம்புத்தூரில். பங்குனி, சித்திரை மதியங்களில் இங்கே காற்று நன்றாக வறண்டுதான் இருக்கும், அதோடு ஏசி அறை. அண்ணாச்சி முறையில் செய்த பேனா கோடை முடிவதற்குள் முனையிலிருந்து பிளந்தது. அதே நேர்கோட்டு விரிசல், ஒரு பாதியில் மட்டும். உலரவிட்டுச் செய்த பேனா கோடையையும் தாண்டியது, பின்னால் வந்த தென்மேற்குக் காற்றையும் தாண்டியது. இதை வைத்து நிரூபித்துவிட்டேன் என்று மார்தட்ட முடியாது. முறைக்கு ஒரு பேனாதான், தவிர உலர்த்தியது, துளையைப் பெரிதாக்கியது, பசையை மாற்றியது எல்லாவற்றையும் ஒரே பேனாவில் செய்ததால் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. பந்தயம் கட்டச் சொன்னால் உலர்த்தியதன் மேல்தான் கட்டுவேன். மற்ற இரண்டும் மருமகன் நாளைக்கு ராஜஸ்தானுக்கு மாற்றலாகிப் போனால் கைகொடுக்கும்.

எதிர்த்திசையிலும் ஒரு சோதனை தேவைப்பட்டது. கோவையில் உலர்ந்த பேனா நாகர்கோவில் மழையில் என்ன ஆகும்? அதை அண்ணாச்சிக்கே அனுப்பிவைத்தேன். ஐப்பசியில் மரம் உப்பி, முனையில் உலோகமும் மரமும் சேரும் இடத்தில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு மேடு வந்திருக்கிறது. பிளக்கவில்லை, கழன்றும் வரவில்லை. உப்பும்போது மரத்துக்கு வெளிப்பக்கம் தாராளமாக இடம் இருக்கிறது, அதனால் பயமில்லை, பசை மட்டும் பிடியை விடாமல் இருந்தால் போதும். அந்த மேட்டை உப்புத்தாளால் இறக்கிவிடலாமா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். தையில் அதுவே இறங்கிவிடும், இப்போது தேய்த்தால் அப்போது பள்ளமாக நிற்கும்.

மரம் வாங்கும் விஷயத்தில் அண்ணாச்சி இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். எந்தக் கட்டை வந்தாலும் முனைகளில் மெழுகுவத்தி உருக்கிப் பூசி, எடையையும் தேதியையும் எழுதிப் பரணில் போடுகிறார். மெழுகு, முனை வழியாக அவசரமாக உலர்வதைத் தடுக்கும். கடைகிற எண்ணம் வந்தால் பேனா அளவுக்கு அறுத்து, துளைத்து, அந்த ஊரிலேயே காற்று காய்ந்த மாதங்களில் இன்னொருமுறை உலரவிடுகிறார். ரெசின் ஏற்றிய கட்டைகளை வாங்கினால் இந்தப் பாடெல்லாம் வேண்டாமே என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மெத்தென்ற, துளை நிறைந்த மரங்களுக்கு அது அருமையான வழி. கருங்காலிக்குள் ரெசின் போக இடமே இல்லை. சந்தனம், செம்மரம் பக்கம் போக வேண்டாம் என்றும் சொல்லிவைத்திருக்கிறேன், சட்டச் சிக்கலோடு விளையாடப் பேனா ஒரு காரணமாக இருக்கக்கூடாது. எந்தக் கட்டை வாங்கினாலும் ரசீதோடு வாங்குங்கள்.

பிளந்த பேனாவை ஒட்ட முடியாதா என்று மருமகனும் கேட்டார். மரத்தூளும் பசையும் குழைத்து விரிசலை அடைக்கலாம், கறுப்பு மரத்தில் கண்ணுக்கே தெரியாது. ஆனால் மழைக்காலத்தில் மரம் உப்பும்போது அந்த அடைப்பு நடுவில் ஆப்பு மாதிரி நிற்கும், அடுத்த கோடையில் வேறொரு கோட்டில் பிளக்கும். அதனால் நான் அதைச் செய்யவில்லை, எப்படியும் ஆராய்ச்சிக்காக ஒரு பாதியை உரித்தாகிவிட்டது. கிட்டின் பாகங்கள் முழுசாக இருக்கின்றன. ஸ்லிம்லைன் கிட்டைக் கழற்றுவது கஷ்டமில்லை: ரீஃபிலை எடுத்துவிட்டு, குழாய்க்குள் சரியாக நுழையும் ஒரு கம்பியை விட்டு, எதிர்ப்பக்கத்துப் பாகத்தை உள்ளிருந்து சுத்தியலால் மெல்லத் தட்டினால் வந்துவிடும். முறுக்குப் பொறியை மட்டும் இடுக்கியால் பிடித்து நசுக்கிவிடாமல், ரப்பர் துண்டு சுற்றிப் பிடித்துத் திருகி இழுக்க வேண்டும். குழாய் மட்டும் புதுசு வேண்டும், அது தனியாகவே கிடைக்கிறது. கிளிப்பும் முனையும் பொறியும் அப்படியே அண்ணாச்சிக்குத் திரும்பிப் போயின. அவர் அவற்றை அந்த வெட்டுக்கட்டைப் புளியில் போட்டு, இந்தத் தைக்குள் மருமகனிடம் சேர்த்துவிட வேண்டும் என்று வேலையைத் தொடங்கிவிட்டார்.